இருமல் கேட்காத ஜன்னல்

என் தங்கையை நான்தான் கொன்றேன். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. ஜன்னல் மாற்றினேன்.

சிரிக்காதீர்கள். ஜன்னல் மாற்றியா ஒருத்தியைக் கொல்ல முடியும் என்று கேட்காதீர்கள். முடியும். நான் செய்திருக்கிறேன். செய்துவிட்டு, துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இத்தனை வருஷமாக உங்களுக்கு நடுவில்தான் நடமாடுகிறேன். கல்யாண வீடுகளில் என்னை முன் வரிசையில் உட்கார வைக்கிறீர்கள். பெரிய மனிதனாம்!

விழுப்புரத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. வீடு திண்டிவனத்தில். காலையில் பஸ் ஏறிப் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு இரும்புச் சட்டமும் கண்ணாடியும் வைப்பது அப்போது எல்லோருக்கும் ஒரு மோகம். கோலியனூர், வல்லம் என்று சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டைப் புதுப்பித்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள்.

வருகிறவர்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மர ஜன்னலை எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் இடுக்கில் காற்று போய் வரும். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை வைத்துப் புட்டிப் பசையால் இறுக்கிவிட்டால் எறும்புகூட நுழையாது. ஆகவே ஜன்னலுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, வென்டிலேட்டர் கட்டாயம் விட வேண்டும். மூச்சுவிட்ட சூட்டுக் காற்று மேலேறி அந்த வழியாகத்தான் வெளியே போகும். புதுக்காற்று வர எதிர்ச் சுவரிலும் ஒரு திறப்பு வேண்டும்.

"மேல எதுக்குங்க ஓட்டை? அடச்சிடுங்க, தூசி வருது" என்பார்கள்.

"அது ஊட்டுக்கு மூக்குங்க. மூக்கப் பொத்திக்கினு எத்தினி நேரம் இருப்பீங்க?" என்பேன். கேட்காதவர்களிடம் வேலையே வேண்டாம் என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு நேர்மை! அவ்வளவு கறார்!

அப்படி ஊருக்கெல்லாம் மூக்கு வைத்தவன், என் வீட்டு மூக்கை என் கையாலேயே பொத்தினேன்.

அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றோம். கசாயம் கொடுத்தோம். அப்பா இல்லாத வீடு... நானும் தங்கை வளர்மதியும் அம்மாவும் மட்டும். சளி போகவில்லை. அம்மா இளைத்துக்கொண்டே போனாள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். காசநோய் என்றார் டாக்டர்.

பயப்பட வேண்டாம் என்றும் அவரேதான் சொன்னார். "மாத்திரையை விடாம குடுங்க. ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கணும். ஒரு பக்கம் காத்து வந்து இன்னொரு பக்கம் போயிடணும். அடைச்ச ரூம்ல கூட இருக்கிறவங்களுக்கும் ஒட்டிக்கும், தெரியுதா?"

"தெரியும் டாக்டர். நான் ஜன்னல் போடறவன்தான்" என்றேன். பெருமையோடு சொன்னேன்!

நோயை விட எனக்கு வேறொரு பயம்தான் பெரிதாக இருந்தது. வளர்மதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். விழுப்புரத்தில் நல்ல இடம் ஒன்று அமைகிற மாதிரி இருந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் வீட்டுக்கு வர மாட்டார்கள். தெருவுக்கு வருவார்கள். பெட்டிக் கடையில் விசாரிப்பார்கள், எதிர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரிப்பார்கள். டிபி உள்ள வீடு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

அந்தச் சமயம் பார்த்து எதிர் வீட்டு அம்மாள் என்னை நிறுத்திக் கேட்டாள். "இன்னாப்பா, ஒங்க அம்மா ராவும் பகலும் இருமிக்கினே கீறாங்க? இங்க வரைக்கும் கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா படுத்திருந்தது தெருப்பக்க அறை. பின்பக்கம் மாற்றியிருக்கலாமே என்கிறீர்களா? பின்னால் பொதுக் கிணறு. பொழுது விடிந்தால் பெண்கள் கூட்டம். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பின் அறை முழுக்க என் இரும்புச் சட்டங்களும் பெயின்ட் டப்பாக்களும். அதைக் காலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தானே உட்கார்ந்தேன்... இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்தேன். பட்டறை ஆட்களைக்கூட அழைக்கவில்லை. தெருப்பக்கம் இருந்த மர ஜன்னல்களைப் பெயர்த்தேன். இரும்புச் சட்டம், தடித்த மங்கல் கண்ணாடி, சுற்றிலும் புட்டி. மேலே இரும்புச் சட்டத்தில் சாய்வுப் பலகை வைத்த பழைய வென்டிலேட்டர் இருந்தது. அதில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தேன். ஓரத்தில் சிமென்ட் பூசினேன். பூசிப் பூசி மெழுகினேன்.

இனி நான் சொல்லப்போவது ஒரு வேடிக்கை. அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"மதி, உள்ள போய் இருமு பாக்கலாம்" என்றேன்.

"இன்னாண்ணே, எனக்கு இருமலே வர்லியே!"

"வந்தா மாதிரி இருமு. வெளியில கேக்குதான்னு பாக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கை ஆடுவது மட்டும் நிழலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"தொண்டையே கட்டிக்கிச்சு. இன்னுமா கேக்கல?"

"சுத்தமா கேக்கல!"

கை தட்டினாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மாவும் சிரித்தாளாம். சிரிப்பு அப்படியே இருமலாக மாறி, விடாமல் இருமினாளாம். மதிதான் சொன்னாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாவுக்குத் துணையாக அந்த அறையில் படுத்தவள் மதி. துப்பும் சட்டியைக் கழுவியவள், தண்ணீர் கொடுத்தவள், முதுகு தடவியவள் எல்லாம் அவள்தான். நான் முன் கூடத்தில் கதவோரம் காற்றாடப் படுத்துக்கொண்டேன்.

மார்கழி வந்தது. காலையில் அந்த அறைக் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை முகத்தில் அடிக்கும். கண்ணாடியின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்து வடியும். இரண்டு பெண்கள் இரவெல்லாம் விட்ட மூச்சு அது! போக வழியில்லாமல் கண்ணாடியில் தங்கிவிட்டது. அதைக் கண்டால் என் பட்டறையில் நேற்று சேர்ந்தவனுக்கும் புரியும், இந்த அறைக்குக் காற்று போதவில்லை என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன்.

"அண்ணே, எழுந்தா தலையெல்லாம் கனக்குது. மேல அந்தத் தகட மட்டும் எடுத்துடேன். அம்மா மூச்சுக்குத் தவிக்குது" என்றாள் ஒரு நாள்.

"கல்யாணம் முடியட்டும் மதி" என்றேன்.

உனக்காகத்தானே செய்கிறேன் என்று அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் கூசவில்லை. அவளுக்காக மட்டுமா? அவள் கல்யாணம் முடிந்தால்தான் என் கல்யாணம். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. நோய் வீட்டுப் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தக் கணக்கும் என் மனதின் அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது... அதை அன்றைக்கு எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரித்தார்கள். நல்ல குடும்பம் என்று எதிர் வீட்டு அம்மாளே சொன்னாளாம். இருமல் சத்தம் நின்றுவிட்டதால் அம்மாவுக்குச் சளி விட்டுப்போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி அறைக்குள்ளேயே படுக்க வைத்தோம். மாப்பிள்ளையின் தாயார் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். அம்மா கும்பிட்டாள். அவர் நகர்ந்ததும் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்த்ததை விட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தார். "அட, தெருவுல லாரி போவுது, உள்ள ஒரு சத்தமும் வர்லியே! எங்க ஊட்டாண்ட ரயில் இஞ்சின் சத்தம் பெரிய பேஜாரு தம்பி. பொண்ணு மாப்ள இருக்கப் போற ரூமுக்கு இதே மாதிரி போட்டுக் குடுத்துடுங்க. வேற சீரு நான் கேக்கல."

வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினேன். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டிய வீடு அது. அளவெடுக்கப் போனபோது மேலே இருந்த வென்டிலேட்டரை அவர் காட்டினார். "சத்தம் இது வழியாத்தான் வருது. உங்க ஊட்டுல அடச்ச மாதிரியே அடச்சிடுங்க."

மூக்கைப் பற்றி நான் பேசவில்லை. எந்த வாயால் பேசுவேன்? அதையும் அடைத்தேன். என் தங்கைக்கு நான் கொடுத்த சீர்வரிசை அது.

இரண்டாம் வருஷமே அவள் திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குக்கூட வரவில்லை. பட்டறை வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து அவளை இறக்கிவிட்டு, "ஒடம்பு சரியானதும் சொல்லி அனுப்புங்க, வந்து கூட்டிக்கினு போறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பிறகு வரவேயில்லை.

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மதி இருமினாள். அப்படித்தான் அங்கே மாதக்கணக்கில் இருமியிருக்கிறாள். சத்தம் வராமல் இருமுவது எப்படி என்று எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டு போனவள் அல்லவா! தலையணையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அதே டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்பத் தாமதம் என்றார். இரண்டு பக்கமும் நுரையீரல் கெட்டுவிட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மாகூட இவங்கதானே படுத்திருந்தாங்க? நான் சொன்ன மாதிரி காத்து வர்றாப்பல வெச்சிருந்தீங்கல்ல?"

"வெச்சிருந்தோம் டாக்டர்" என்றேன்.

மதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பாவம், அண்ணன் மாட்டிக்கொண்டானே என்று எனக்காகப் பரிதாபப்பட்டாள்! பாவி மகள்...

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தகட்டை அறுத்து எடுத்தேன். வெளிச்சம் ஒரு பட்டையாக அறைக்குள் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்தவள் அண்ணாந்து பார்த்தாள். "வானம் தெரியுதேண்ணே" என்றாள். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். மாத்திரை கொடுத்தோம், ஊசி போட்டோம். அம்மா இதற்குள் தேறி எழுந்திருந்தாள். இப்போது மகளின் துப்பும் சட்டியை அம்மா கழுவினாள்.

இத்தோடு என் குற்றம் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். புத்தி கெட்டுச் செய்தேன், பிறகு திருத்திக்கொண்டேன் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். இனிமேல்தான் இருக்கிறது. இதை என் அம்மாவுக்குச் சொல்லவில்லை, என் மனைவிக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்கு ஒரு வரன் வந்தது. கோலியனூரில் விவசாயக் குடும்பம், சொந்த நிலம், ஒரே பெண். தங்கை எங்கே என்று அவர்கள் கேட்டபோது விழுப்புரத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் வீடு பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள்.

அன்று காலை மதியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அறை வாசலில் நின்றேன். அவளே சொன்னாள். "நீ போய் ஆவறதப் பாருண்ணே. கதவச் சாத்திக்கறேன். நான் இருக்கறதே தெரியாது."

வெளியே வந்து அவர்களை எதிர்பார்த்துத் தெருவில் நின்றேன். தற்செயலாக மேலே பார்த்தேன். நான் அறுத்துத் திறந்த வென்டிலேட்டரில் ஒரு பழைய புடவை திணிக்கப்பட்டிருந்தது. அதன் ஓரம் சுவரில் கொஞ்சம் தொங்கியது. எழுந்து நிற்கவே தடுமாறுகிறவள்... ஸ்டூல் போட்டு ஏறி, எக்கி, அதை அவள் அடைத்திருக்கிறாள். இருமல் தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதாம். அண்ணன் கல்யாணம் நின்றுவிடக் கூடாதாம்!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும் இல்லையா? வருகிறவர்கள் வரட்டும், போகிறவர்கள் போகட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும் இல்லையா?

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

அன்றைக்கு வேடிக்கையாக நின்றேனே, அதே இடத்தில் நின்று, அதே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி! அந்தச் சொல்லை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

வந்தார்கள். டிபன் சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். "ஊடு அமைதியா கீது, நம்ம பொண்ணு நல்லா இருக்கும்" என்று பெண்ணின் அப்பா சொன்னார். நான் சிரித்துச் சிரித்துப் பேசினேன். வெயில் சாயும்வரை இருந்தார்கள். அவ்வளவு நேரமும் மதி தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டே இருந்தாள் என்று அம்மா பிறகு சொன்னாள். தலையணை உறையை அம்மா எனக்குக் காட்டவில்லை. அவளே கிணற்றடிக்குக் கொண்டுபோனாள்.

அவர்கள் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். புடவையை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்ணே. நிச்சயதார்த்தத்துக்கு வருவாங்க, பத்திரிக வெக்க ஆளுங்க வந்து போய்க்கினு இருப்பாங்க. கல்யாணம் முடியட்டும்" என்றாள்.

என் வார்த்தை! நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை! குத்திக் காட்டினாளா? இல்லை, அவளுக்குக் குத்தத் தெரியாது. உண்மையாகவே சொன்னாள். நான் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

என் கல்யாணம் வரை அவள் இருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், அம்மாவின் மடியில், காற்று காற்று என்று வாயைத் திறந்து திறந்து மூடிப் போனாள். நான் அப்போது பட்டறையில் யாருக்கோ வென்டிலேட்டர் அடித்துக்கொண்டிருந்தேன். தங்கை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று பெண் வீட்டாரிடம் சொன்னேன். நம்பினார்கள். முகூர்த்தத்தைத் தள்ளி வைத்துக் கல்யாணம் நடந்தது.

புடவையை அடைத்ததால்தான் போனாளா, எப்படியும் போயிருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்கத்தான் ஆசை. ஆனால் நோய் அவளுக்கு எங்கே ஒட்டியது? நான் வெல்டிங் அடித்த அறையில். எங்கே முற்றியது? நான் சீராகக் கொடுத்த அறையில். எந்தப் பக்கம் போய்த் தப்பிப்பேன்?

அம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். "எனக்கு வந்தத என் பொண்ணுக்குக் குடுத்துட்டேனே... நான் போயிருக்கக் கூடாதா..." என்று சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீ இல்லையம்மா, நான்தான் என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! நாக்கு எழவில்லை. மகளைக் கொன்றவள் தான் என்றே நம்பிக்கொண்டு அவள் செத்தாள். என் பழியையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றி அனுப்பினேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், மேலே காட்டிக் கேட்டாள். "இன்னாங்க அது, புடவைய சொருவி வெச்சிருக்கீங்க?"

"குருவி கூடு கட்டும்" என்றேன்.

அதை இதுவரை நான் எடுக்கவில்லை. யாரையும் எடுக்க விட்டதும் இல்லை. அந்த அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. வெளியே போய்விட்டு வரும்போது தெருவில் அந்த இடத்தில் என் கால் தானாக நின்றுவிடுகிறது. தலையைச் சாய்த்துக் கேட்கிறேன். அவள் உள்ளே இருமுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்பதில்லை... அவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறேன்.